‘விறகடுப்பு வீட்டுச் சாப்பாடு’ என்று பலகை பார்த்தால் முதலில் பானையைத் திறந்து பாருங்கள்

படிக்கிறவர்கள் முதலில் சிரித்துக்கொள்ளலாம். ஆறு வருடமாகக் கொடைக்கானலில் குடியிருக்கிறவன், நேற்று மேலே வந்தவன் மாதிரி ஏமாந்திருக்கிறேன். அதுவும் சோற்று விஷயத்தில். இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பலகையை மாற்றி எழுத அரை நாள் போதும். ஏமாற்றுகிற முறைதான் மாறாது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியகுளத்திலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். காட்ரோட்டில் பஸ் மாறி ஏறியதால், சொந்த வண்டியில் மலையேறுகிறவர்களுக்கு இருக்கிற இ-பாஸ் தொல்லை எதுவும் இல்லை. அத்தைக்குப் பூம்பாறை குழந்தை வேலப்பரைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இந்த அத்தையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வடுகபட்டி பூண்டு மண்டியில் இருபது வருடத்துக்கு மேல் பூண்டு தரம் பிரித்தவர். மூட்டையைப் பிரிக்கும் முன்பே வாசத்தை வைத்து எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லுவார். இது பின்னால் தேவைப்படும்.

கோயிலுக்குப் போகிற அன்று மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று பார்த்தபோதுதான் அந்த விளம்பரம் போனில் வந்தது. பூம்பாறை போகிற வழியில் ஒரு வீடு. விறகடுப்பு, மண்பானை, பாட்டியின் கைமணம், தோட்டத்தில் அன்று காலை பறித்த காய். படத்தில் ஒரு பாட்டி ஊதுகுழலோடு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். எனக்கு வாரத்தில் ஐந்து நாள் மதியச் சாப்பாடு டவுனில் ஒரு மெஸ்ஸில்தான். மெஸ் சாப்பாட்டைத் தின்று தின்று நாக்கு செத்தவனுக்கு ‘பாட்டியின் கைமணம்’ என்று காட்டினால் என்ன ஆகும்? உடனே போன் போட்டேன்.

“என்ன இருக்கு?” என்றேன். “என்ன வேணும் சார்?” என்று திருப்பிக் கேட்டார் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர். மலைப்பூண்டுக் குழம்பு? இருக்கு. நாட்டுக்கோழி? இருக்கு. பட்டர் பீன்ஸ் கூட்டு? அதுவும் இருக்கு. தலைக்கு 450 ரூபாய், அட்வான்ஸ் ஆயிரம் ஜிபேயில் போடச் சொன்னார். எதைக் கேட்டாலும் இருக்கு என்று சொன்ன அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தோட்டத்துக் காயை வைத்துச் சமைக்கிற வீட்டில் இப்படிப் பேச மாட்டார்கள். “இன்னைக்கு பீன்ஸ் வரல, கேரட்டும் உருளையும்தான் இருக்கு, ஒத்துக்குமா?” என்றுதான் கேட்பார்கள். மன்னவனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் எனக்கு முன்பு அப்படித்தான் பதில் வந்தது. அங்கே சாப்பிட்ட முள்ளங்கிச் சாம்பார் இன்னும் நினைவில் இருக்கிறது.

கோயில் முடித்து ஒரு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். ஐந்து பேர்: அத்தை, மாமா, நான், மனைவி, பையன். வீடு அழகாகத்தான் இருந்தது. வாசலில் கயிற்றுக் கட்டில், சுவரில் முறம், கூரையில் கொத்துக் கொத்தாகப் பூண்டு. பின்பக்கம் நிஜமாகவே விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதே பாட்டி, அதே ஊதுகுழல். மேலே பெரிய பானை, ஆவி பறக்கிறது. எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு குடும்பம் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நாங்களும் எடுத்தோம். பத்து நிமிடம் என்றார்கள். அரை மணி ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. பையன் கட்டிலிலேயே தூங்கிவிட்டான்.

மனைவி மட்டும், இவ்வளவு உயரத்தில் தண்ணீர் கொதிக்கிற சூடே கம்மி, பருப்பும் பீன்ஸும் வேக நேரம் பிடிக்கும், பொறுங்கள் என்று சமாதானம் சொன்னாள். அது உண்மைதான். கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே. இங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பட்டர் பீன்ஸை வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் காத்திருந்தோம். கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றால் இன்னும் பெருமையாகவே காத்திருப்பார்கள், நமக்காக மெதுவாகச் சமைக்கிறார்கள் என்று.

அத்தைக்குச் சும்மா உட்கார வராது. எழுந்து போய்ப் பாட்டி பக்கத்தில் குந்திக்கொண்டார். இரண்டு பேரும் முழங்கால் வலியைப் பற்றி என்னமோ பேசினார்கள். அப்புறம் பேச்சுவாக்கில் அத்தை முந்தானையால் பிடித்துப் பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

உள்ளே வெறும் தண்ணீர்.

“என்ன ஆத்தா இது, உலையா?” என்று கேட்டிருக்கிறார். பாட்டி ஒளிக்கவே இல்லை. “குளிக்க வெந்நி தாயி. காலையில இருந்து இத எரியவிடச் சொல்லியிருக்காக.” அந்தப் பாட்டி மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த இடத்தில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

அத்தை வந்து என் காதில் சொல்லி முடிக்கவும் கீழே ரோட்டில் ஒரு ஆம்னி வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பின்கதவைத் திறந்து இரண்டு பையன்கள் எவர்சில்வர் தூக்குகளை இறக்கிப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். தூக்கு மூடியில் சிவப்பு பெயின்டில் எண் எழுதி, எண்ணுக்குக் கீழே ஒரு கோடு. அந்தச் சிவப்புக் கோட்டை நான் வாரத்தில் ஐந்து நாள் பார்க்கிறேன். என் மெஸ் தூக்கு!

ஐந்து நிமிடத்தில் சாப்பாடு வந்துவிட்டது, மண்சட்டிகளில். தையல் இலை, மரக்கரண்டி, எல்லாம் லட்சணம்தான். ஒரு வாய் வைத்தேன். புதன்கிழமை ரசம். என் மெஸ்ஸில் புதன்கிழமை மட்டும் ரசத்தில் கொஞ்சம் மல்லி தூக்கலாக இருக்கும், அதே ரசம். பட்டர் பீன்ஸ் கூட்டு இருக்க வேண்டிய இடத்தில் முட்டைக்கோஸ் பொரியல். கேட்டதற்கு “பீன்ஸ் சரியா வேகல சார், நாங்களே தள்ளி வெச்சிட்டோம்” என்றார்கள். நாட்டுக்கோழி என்று வந்ததன் எலும்பைப் பையன் பல்லால் கடித்தே முறித்துவிட்டான். வீட்டில் வளர்த்த கோழி எலும்பு அப்படி முறியாது, சுத்தமான பிராய்லர். சாப்பாடு மோசம் என்று சொல்ல மாட்டேன். என் மெஸ்ஸை நானே குறை சொன்னால் நாளைக்கு எனக்குச் சோறு கிடையாது. அங்கே முழுச் சாப்பாடு 110, கோழி தனியாக 90. அதே இருநூறு ரூபாய்ச் சாப்பாட்டை இருபது கிலோமீட்டர் வண்டியில் வந்து, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, 450 கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

அத்தை குழம்பிலிருந்து ஒரு பூண்டுப் பல்லை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். “இது மலைப்பூண்டு இல்லப்பா” என்றார். அதோடு விட்டிருக்கலாம். அந்த வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டு, “ஏம்மா, ரசத்துல உப்பு கம்மி” என்றும் சொல்லி வைத்தார்.

இதற்குள் இன்னொரு தப்பும் நடந்து முடிந்திருந்தது. காத்திருந்த நேரத்தில் நான் இரண்டு கிலோ பூண்டு வாங்கி வைத்திருந்தேன், கிலோ 500. கூரையில் தொங்குகிறதே, அந்த நம்பிக்கை. அவர்கள் கொடுத்தது கூரையிலிருந்து இல்லை, உள்ளேயிருந்து வலைப்பையில். பையில் ‘புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்று ஒட்டியிருந்தது. குறியீடு கிடைத்தது நிஜம், 2019இல். ஆனால் அந்த வரியை அச்சடித்து ஒட்ட யாராலும் முடியும். திரும்பி வரும்போது வண்டியிலேயே அத்தை பையைப் பிரித்தார். ஒரு பூண்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்தார். தோல் காகிதம் மாதிரி பறந்து மாமா வேட்டியெல்லாம் ஒட்டியது. “மலைச் சரக்குன்னா தோல் பல்ல விட்டு இப்படிப் போகாது, நகத்த வெச்சு உரிக்கணும். அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டதுன்னா புகவாசம் இருக்கும். இதுல எங்க இருக்கு? வடக்க இருந்து மண்டிக்கு வருமே, அந்தச் சரக்கு.” அதாவது, வடுகபட்டி மாதிரி ஒரு மண்டிக்கு வந்து, மலை ஏறி, இப்போது மறுபடி மலை இறங்கப் போகிற பூண்டு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் விவசாயி வீட்டு அடுப்படியில் தொங்குகிற கொத்தை நீங்களே கைகாட்டி இறக்கச் சொல்லி வாங்குங்கள். கட்டிவைத்த பையை வாங்காதீர்கள்.

பில்லுக்கு வருகிறேன். இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், எல்லா ஊருக்கும் உதவும். பில் என்றால் பில் இல்லை, துண்டுச் சீட்டு. சாப்பாடு 2250. தண்ணீர் பாட்டில் மூன்று, 90. விறகுக்கு 100. சேவைக் கட்டணம் 225. ஜிஎஸ்டி 113. மொத்தம் 2778. வெந்நீருக்கு எரித்த விறகுக்கு நான் நூறு ரூபாய் கொடுக்க வேண்டுமாம்!

ஜிஎஸ்டி எண் எங்கே என்று கேட்டேன். அது எழுத்தும் எண்ணும் கலந்து 15 இடம் இருக்கும். தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். சீட்டில் இல்லை. பதிவே இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் பதிவு செய்தவர்கூட வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக்கூடாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம், 2022 ஜனவரியிலிருந்து பில்லில் இருந்தாக வேண்டும், அதுவும் இல்லை. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாயிற்று, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாட்டில் கதை இன்னும் வேடிக்கை: ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொடைக்கானலுக்குள்ளேயே வரக்கூடாது. அதை வைத்திருக்கிற சுற்றுலாக்காரரிடம் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி வாங்குகிறார்கள், இவர்கள் மேசையில் வைத்து விற்கிறார்கள்.

“எல்லா இடத்துலயும் போடுறதுதான சார்” என்றார் அந்த ஆள். நான் சத்தம் போடவில்லை. சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915ஐப் போனில் அடித்து அவரிடம் காட்டினேன். சேவைக் கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் உடனே சீட்டில் அடித்து நீக்கினார். விறகுக்கும் பாட்டிலுக்கும் அசையவில்லை. தூக்கக் கலக்கத்தில் பையன் அழ ஆரம்பித்துவிட்டதால் நானும் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். புகார் எண் வந்திருக்கிறது, அதற்கு மேல் இன்னும் ஒன்றும் வரவில்லை. இன்னொன்று: அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்காமல் ஜிபேயில் போட்டது மட்டும்தான் அன்று நான் செய்த உருப்படியான வேலை. அந்தப் பதிவும் சீட்டின் படமும் இருந்ததால்தான் புகாரே எழுத முடிந்தது.

அத்தை அந்த இரண்டு கிலோ பூண்டையும் ஊருக்கு எடுத்துப் போகவில்லை. “இத நான் பெரியகுளத்துக்குக் கொண்டுபோனா மண்டியில என்னையப் பாத்து சிரிப்பாக” என்று இங்கேயே உட்கார்ந்து உரித்து, ஊறுகாய் போட்டு வைத்துவிட்டுப் போனார். ஊறுகாய் அருமை, அதில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் மதியம் வழக்கம்போல மெஸ்ஸுக்குப் போனேன். கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும், பூம்பாறை ரோட்டு வீட்டுக்குச் சாப்பாடு போகிறதா என்று மெஸ் நடத்துகிற அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, மறைக்க வேண்டியதும் இல்லை. அவர் விற்கிறார், அவர்கள் வாங்குகிறார்கள். சீசனில் வாரம் மூன்று நாள் எடுப்பார்களாம். இலையில் சோற்றைப் போட்டுவிட்டு ரச வாளியைக் கையில் எடுத்தவர் ஒரு நிமிடம் நின்றார்.

“நேத்து அங்க சாப்பிட்ட யாரோ ஒரு அம்மா ரசத்துல உப்பு கம்மின்னு சொல்லிவிட்டாங்களாம் தம்பி. கொஞ்சம் ஊத்திப் பாத்துச் சொல்லுங்க, இன்னைக்குச் சரியா இருக்கா?”