புடவைக் கடையின் இணையத்தளமும் அதன் மெனுவும்: நான்கு வருட அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தை காலி வீதியில் இருக்கும் மாமாவின் புடவைக் கடைக்கு 2021இல் இணையத்தளம் செய்வித்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைப் பராமரிக்கும் வேலை என்னிடம் வந்தது.

முதல் வருடம் கடையின் பெயரைத் தேடினால் முகப்பு வரும், ஆனால் ‘கூறைச் சாறி’ (கல்யாணப் பெண் கட்டும் சாறி) என்று தேடினால் நாங்கள் எங்குமே இல்லை. நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சேர்ச் கன்சோலில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முகப்பையும் தொடர்புப் பக்கத்தையும் தவிர வேறெதுவும் கூகுளில் பதிவாகவே இல்லை.

காரணம் மெனு. அதிலிருந்த எட்டுப் பிரிவுகளில் ஒன்றுகூட உண்மையான இணைப்பு இல்லை. விரலால் தட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிப் பக்கத்தைத் திறக்கும், அவ்வளவுதான். பக்கங்களைத் தேடிப் படிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட் நம்மைப் போலத் தட்டிப் பார்க்காது. பக்கத்தின் நிரலில் இணைப்பைக் குறிக்கும் ஏ டேக்கில் (<a>), எச்ரெஃப் (href) என்ற இடத்தில் முகவரி எழுதியிருந்தால்தான் அதைப் பின்தொடர்ந்து போகும். உங்கள் தளத்தைச் சோதிக்க நிரல் தெரிய வேண்டியதில்லை. போனில் மெனுச் சொல்லை அழுத்திப் பிடியுங்கள். புதிய டேபில் திறக்கவா என்று கேட்டால் பெரும்பாலும் சரியான இணைப்புத்தான். கேட்காவிட்டால் செய்து தந்தவரிடம் பேசுங்கள். எங்களுக்கு அதை மாற்ற ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேடலில் ஏற அதன்பின் சில மாதங்கள் எடுத்தன.

அப்புறம் சொற்கள். மெனுவில் ‘பிரைடல் கலெக்‌ஷன்’ என்று இருந்தது. மாமா ஒருநாள் கல்லாவில் இருந்தபடி, “தம்பி, லண்டனில இருந்து வாறவையும் கூறைச் சாறி எண்டுதானே கேட்கினம். இதில ஏன் அப்பிடி இல்லை?” என்றார். நான் படித்த எல்லா வழிகாட்டிகளையும்விட அந்தக் கேள்விதான் எனக்கு உதவியது. இணைப்பின் மேல் எழுதியிருக்கும் சொல்லையும் வைத்துத்தான் அது போகும் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுள் ஊகிக்கிறது. ‘இங்கே அழுத்தவும்’, ‘மேலும் பார்க்க’ என்றால் அதற்கு ஒன்றும் விளங்காது. முகப்பில் படங்களே இணைப்பாக இருந்த இடங்களில் ஆல்ட் (alt) என்ற விவரச் சொல்லை எழுதினேன், படத்துக்கு அதுதான் இணைப்புச் சொல். வாடிக்கையாளர் என்ன சொல்லால் தேடி வருகிறார் என்பது சேர்ச் கன்சோலிலேயே தெரியும். அதையும் கடையில் காதில் விழுவதையும் சேர்த்து மெனு முழுவதையும் திருத்தினேன்.

பக்கங்களின் இணைய முகவரி விஷயத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன். ஆசையோடு எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்தேன். கூகுளுக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் முகவரியைப் பிரதி செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (‘கூ’ என்றால் ‘க’ ஒன்று, அதன் கொம்பு ஒன்று) % குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். ‘கூறைச்-சாறி’ மட்டும் 91 எழுத்து! வைரஸோ என்று பயந்து திறக்காமல் விட்டதாக ஒரு வாடிக்கையாளர் சொன்னார். அதோடு எங்கள் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள், முகவரியில் பக்கத்தின் பெயர் வரும் பகுதியை 200 எழுத்தில் நறுக்கிவிடும், நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் நிற்கும். மனமில்லாமல்தான் ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். சொற்களுக்கு இடையில் அடிக்கோடு போடாமல் ஹைஃபன் போட்டேன், கூகுள் பரிந்துரைப்பதும் அதைத்தான். தலைப்பும் மெனுவும் தமிழிலேயே இருக்கின்றன.

இப்படி மாற்றும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திசைதிருப்பல் போட வேண்டும், அதாவது பழையதைத் திறப்பவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் நிரந்தர ஏற்பாடு. முதல் மூன்று பக்கங்களுக்கு நான் போடவில்லை. மக்கள் ஏற்கெனவே பகிர்ந்திருந்த இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. குறைந்தது ஒரு வருடமாவது அதை வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. நான் இன்றுவரை எதையும் எடுக்கவில்லை.

போன் மெனுவையும் தனியாகப் பாருங்கள். இடம் போதாது என்று எங்கள் போன் மெனுவில் நான்கு பிரிவுகளை விட்டிருந்தார்கள். கூகுள் 2023இல் போன் வடிவத்தையே முதன்மையாக வைத்துப் படிக்கும் மாற்றத்தை முடித்துவிட்டது, ஆகவே அங்கே இல்லாத இணைப்பு இல்லாததுதான். மூன்று கோட்டுப் பட்டனுக்குள் மடிந்திருப்பதில் தவறில்லை, பக்கத்தின் நிரலில் இருந்தால் போதும்.

இப்போது ‘கூறைச் சாறி வெள்ளவத்தை’ என்று தேடினால் எங்கள் பக்கம் முதல் பக்கத்தில் வருகிறது. மெனு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், படங்களையும் விவரங்களையும் கூடவே திருத்தினோம். ஆனால் கூகுள் அந்தப் பக்கத்துக்குப் போக வழி திறந்தது மெனுதான்.

இன்னும் மிச்சமிருப்பது மொழி. கொழும்பில் கடை என்றால் மூன்று மொழியும் வேண்டும். எங்கள் மொழிப் பட்டன் குக்கீயை (பார்வையாளரின் தெரிவை உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்பு) வைத்து ஒரே முகவரியில் எழுத்தை மட்டும் மாற்றியது, குக்கீ இல்லாமல் வரும் கூகுள் கண்டது முதலில் திறக்கும் ஒரு மொழியை மட்டுமே. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொடுத்து, ஒன்றுக்கொன்று இணைத்து வருகிறேன். சிங்கள மெனுவுக்கான சொற்களைக் கடையில் வேலை செய்யும் அக்காவிடம் கேட்டு எழுதுகிறேன். எட்டுப் பிரிவுகளில் ஐந்து முடிந்துவிட்டது.