ஸ்டார்டியூ வேலி: பூவாளியைக் கீழே வைக்கும் வரை

ஸ்டார்டியூ வேலி என்ற இந்தப் பண்ணை வீடியோ விளையாட்டைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், "தினமும் செடிக்குத் தண்ணி ஊத்தியே பொழுது போயிடுது" என்பார்கள். நியாயமான புகார்தான். ஆனால் அது முதல் வருடத்தோடு தீர்ந்துவிடும். எரிக் பரோன் தனியாளாக நிரல், ஓவியம், இசை எல்லாம் செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டது இது. இன்றும் அலுக்காமல் ஆட முடிகிறதென்றால், அந்தத் தண்ணீர் வேலையிலிருந்து அது நம்மைப் படிப்படியாக விடுவிக்கும் அழகே காரணம்.

விளையாட்டின் 10 நிமிடம் நமக்கு ஏறத்தாழ 7 விநாடி. காலை 6 முதல் இரவு 2 வரை ஒரு நாள், அதாவது நம் கடிகாரத்தில் 14 நிமிடம். தொடக்கத்தில் உடல் சக்தி 270. பூவாளியை ஒருமுறை சாய்த்தால் 2 குறையும்; ஒருமுறை நிரப்பினால், செடிக்கு ஒரு கட்டமாக, 40 கட்டத்துக்குப் போதும். முதல் வசந்தத்தில் செடிகளை அந்த 40-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் நட்டால் சுரங்கத்துக்குப் போகத் தெம்பும் இருக்காது, நேரமும் இருக்காது. தானே நீர் விடும் தெளிப்பானுக்கான உலோகம் சுரங்கத்தில்தான் இருக்கிறது; அங்கே போகாவிட்டால் பூவாளி கையை விட்டு இறங்கவே இறங்காது.

பூவாளியைச் செம்புக்கு உயர்த்த 2000 காசும் 5 செம்புக் கட்டியும் வேண்டும். கொல்லர் கிளின்ட் அதை 2 நாள் வைத்துக்கொள்வார். அந்த 2 நாளும் பயிர் காயும் என்று பயந்து பலர் தள்ளிப்போடுகிறார்கள். விளையாட்டில் உங்கள் வீட்டிலுள்ள டிவியில் தினமும் வானிலை பாருங்கள். நாளை மழை என்றால், இன்று செடிகளுக்கு நீர் விட்டுவிட்டுப் பூவாளியைக் கொடுங்கள். நாளை மழை பார்த்துக்கொள்ளும். மறுநாள் காலை 9 மணிக்குக் கடை திறந்ததும் வாங்கி வந்து நீர் விடலாம். ஒரு செடிகூட ஒரு நாள் வளர்ச்சியை இழக்காது.

உண்மையான திருப்பம் விவசாயத் திறன் 6-ஆம் நிலையில் வருகிறது. சுற்றியுள்ள 8 கட்டத்துக்கும் நீர் தெளிக்கும் தரமான தெளிப்பானைச் செய்ய அப்போதுதான் கற்றுக்கொள்கிறோம். ஒன்றுக்கு 1 இரும்புக் கட்டி, 1 தங்கக் கட்டி, 1 சுத்திகரித்த குவார்ட்ஸ். தங்கத் தாது சுரங்கத்தின் 80-ஆம் தளத்துக்குக் கீழேதான் தாராளமாகக் கிடைக்கும். ஒவ்வொரு கட்டிக்கும் 5 தாதுவோடு 1 நிலக்கரி போகும் என்பதால் கடைசியில் தட்டுப்படுவது நிலக்கரிதான். ஆரம்பம் முதலே அதைச் சேர்த்து வையுங்கள். தெளிப்பான் இயங்குவது விடியலில் மட்டுமே. அன்று புதிதாகக் கொத்தி நட்ட கட்டத்துக்குக் கையால்தான் நீர் விட வேண்டும். இதை மறந்தால் அறுவடை ஒரு நாள் தள்ளிப்போகும், பருவக் கடைசியில் அந்த ஒரு நாள் பயிரையே கொன்றுவிடும். ஏனென்றால் 28-ஆம் தேதி இரவோடு பருவம் முடிந்து, அடுத்த பருவத்துக்கு ஒவ்வாத செடியெல்லாம் பட்டுப்போகும்.

ஸ்ட்ராபெரியில் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். விதை வசந்தம் 13-ஆம் தேதி முட்டைத் திருவிழாவில் கிடைக்கும், ஒன்று 100 காசு. முதல் காய்ப்புக்கு 8 நாள், பிறகு 4 நாளுக்கொருமுறை. அன்றிரவே நட்டு நீரும் விட்டால் 21, 25 ஆகிய தேதிகளில் இரண்டு அறுவடை. அதே விதையைப் பெட்டியில் வைத்து அடுத்த வசந்தத்தின் முதல் நாள் நட்டால் ஐந்து. முதல் வருடம் காசு மிஞ்சினால் கொஞ்சம் கூடுதலாக வாங்கி எடுத்து வைப்பேன் என்பதே என் கட்சி.

மீன்பிடிப்பு தொடக்கத்தில் எரிச்சலூட்டும், திறன் ஏற ஏறப் பழகிவிடும். ஊர்க்காரர்களின் பேச்சு சில வருடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. 2024 மார்ச்சில் கணினிக்கு வந்த 1.6 பதிப்பு புது வசனங்கள் சேர்த்தும் அந்தக் குறை முழுக்கத் தீரவில்லை. பசுமைக்குடில் முழுக்கப் பழம் நட்டு, பீப்பாயில் மூன்று மடங்கு விலைக்கு வைனாக்கத் தொடங்கிவிட்டால் பணம் ஒரு பொருட்டே இல்லை. அதன்பின் மனம் ஒட்டுவது பண்ணையை அழகாக அமைப்பதிலும் மண்டை ஓட்டுக் குகை என்ற இன்னொரு சுரங்கத்தில் இன்னும் ஆழம் போவதிலும்தான். எனக்கு அது போதும். இலக்கு வேண்டும் என்பவர்களுக்குப் போதாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் கூடுதல் அமைப்புகளில், முதல் வருடத்திலேயே சமூகக் கூடத்தை (கேட்கும் பொருட்களைத் தொகுப்பு தொகுப்பாகக் கொடுத்துச் சீரமைக்கும் ஊர்க் கட்டடம்) முடிக்க உறுதி தரும் தெரிவை இயக்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால், அந்தத் தொகுப்புகளில் ஒன்றான சாயத் தொகுப்புக்கான சிவப்பு முட்டைக்கோஸ், வெள்ளியும் ஞாயிறும் பொருள் விற்க வரும் வண்டிக்காரியிடம் தற்செயலாகக் கிடைத்தால்தான் உண்டு. ஊரில் விதை விற்கும் பியர் என்பவரின் கடையில் அதன் விதை இரண்டாம் வருடக் கோடையில்தான் விற்பனைக்கு வரும்.