சிபிடியா, ரோஜர்ஸ் வழியா: நான் ஏன் ரெண்டாவதுல நின்னேன்

மனசு சரியில்லன்னா சிபிடி (நெனப்பையும் நடத்தையையும் மாத்தப் பாக்கற சிகிச்சை) பண்றவங்ககிட்ட போறதா, இல்ல நம்மள பேச விட்டு கேக்கற ரோஜர்ஸ் வழி கவுன்சலிங்குக்கு போறதான்னு மலேசியாவுல, இங்க பினாங்குல தெரிஞ்சவங்க அடிக்கடி கேக்கறாங்க. நான் ரெண்டுக்கும் போயிருக்கேன், ரெண்டாவதுல தான் நின்னேன், அதனால இத அந்தப் பக்கம் சாஞ்ச ஆளு எழுதறதாவே படிங்க.

சிபிடி நெறைய பேருக்கு தெரியும், சுருக்கமா சொல்லிடறேன். 1960கள்ல அமெரிக்க மனநல டாக்டர் ஆரோன் பெக் ஆரம்பிச்ச வழி. தலைக்குள்ள தானா ஓடற நெனப்பு நம்ம உணர்ச்சியையும் நடத்தையையும் இழுத்துட்டுப் போகுது, அந்த நெனப்ப புடிச்சு உண்மையான்னு சோதிச்சுப் பாரு, நடத்தையையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்து. திட்டம் இருக்கும், வீட்டுப்பாடம் இருக்கும். பேனிக் அட்டாக் (திடீர்னு வர்ற பெரும் பயம்), ஓசிடி (வேணாம்னாலும் ஒரே நெனப்பும் செயலும் திரும்பத் திரும்ப வர்றது) மாதிரி பிரச்சனைன்னா யோசிக்காம இதுக்கே போங்க, பயத்த நேருக்கு நேர் பாக்க வைக்கற பயிற்சியெல்லாம் இதுல தான் ஒழுங்கா இருக்கு.

இன்னொரு பக்கம் அமெரிக்க மனவியல் நிபுணர் கார்ல் ரோஜர்ஸ். மனுஷன் மாற என்ன வேணும்னு 1957ல ஒரு கட்டுரையில ஆறு நிபந்தனை எழுதுனாரு. அதுல எல்லாரும் புடிச்சுக்கிட்டது மூணு: கேக்கறவரு நம்ம எடத்துல நின்னு புரிஞ்சுக்கணும், நம்மள நிபந்தனை போடாம ஏத்துக்கணும், அவரு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு இருக்கக் கூடாது. அவரோட சிகாகோவுல வேல பாத்த யூஜின் ஜென்ட்லின், பேச்சுக்கு முன்னாடியே ஒடம்புல தெரியற தெளிவில்லாத உணர்வ கவனிக்கற போகஸிங்கக் கொண்டு வந்தாரு. பின்னாடி லெஸ்லி கிரீன்பெர்க் மாதிரி ஆளுங்க, எதிர்ல ஆளு ஒக்காந்திருக்கறதா நெனச்சு காலி நாற்காலிய பாத்து பேச வைக்கற முறையெல்லாம் சேத்து உணர்ச்சிய மையமா வச்ச சிகிச்சையா வளத்தாங்க.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது செலவோ தூரமோ இல்ல, கஷ்டம் எங்கேருந்து வருதுன்னு ரெண்டும் சொல்ற பதில் தான். ரோஜர்ஸ் சொல்றது இப்படி: சின்ன வயசுலேருந்து 'இப்படி இருந்தா தான் நீ நல்ல புள்ள'ன்னு அன்போட சேத்து ஒரு நிபந்தனையும் உள்ள போயிடுது, அப்புறம் அந்த நிபந்தனைக்கு ஒத்து வராத கோவம், சோர்வு, ஆசை எதையும் நம்ம நம்மளோடதுன்னே ஒத்துக்க மாட்டோம், உள்ள நடக்கறதுக்கும் நான் இப்படிப்பட்டவன்னு நெனச்சுட்டு இருக்கறதுக்கும் நடுவுல வர்ற இடைவெளி தான் பதட்டமா, வெறுமையா வெளிய வருது.

நம்ம வீடுங்கள்ல மூத்த பொண்ணா இருந்தவங்களுக்கு இத விளக்கவே வேணாம். எங்கப்பா இறந்ததுலேருந்து எங்க வீட்டுல எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணு, "மூத்தவ இருக்கா, பாத்துக்குவா." பாயான் லெப்பாஸ்ல ஷிப்ட், முடிச்சு பாலம் தாண்டி பிறைக்கு வந்தா அம்மாவோட மருந்து, தங்கச்சியோட பீஸ். ராத்திரி தூக்கம் வராது, காரணமே தெரியாம அழுக வரும்.

சிபிடியில குடுத்த ஷீட்டுல கட்டம் கட்டமா இருக்கும்: என்ன நடந்துச்சு, என்ன நெனப்பு வந்துச்சு, உணர்ச்சி எத்தன சதவீதம், அந்த நெனப்புக்கு ஆதாரம், எதிர் ஆதாரம், கடைசியில சமநிலையான நெனப்பு. நான் எழுதுன நெனப்பு 'நான் எதுக்கும் லாயக்கில்ல'. எதிர் ஆதாரம் கட்டத்துல என்ன எழுதுனேன்னா, மாசாமாசம் வீட்டுக்கு காசு குடுக்கறேன், அம்மாவ செக்கப்புக்கு நான் தான் கூட்டிட்டுப் போறேன், தங்கச்சிய படிக்க வைக்கறேன். எல்லாம் உண்மை தான், ஆனா அந்த லிஸ்ட்ட பாருங்க, ஒழச்சா தான் எனக்கு மதிப்புன்னு எந்த நிபந்தனை என்ன நசுக்குச்சோ அதையே தான் திரும்ப நிரூபிச்சிருக்கேன். சதவீதமும் அப்படித்தான், வாரத்துக்கு வாரம் கொறைச்சு எழுதுனா அவங்க சந்தோஷப்படுவாங்கன்னு கை தானா கொறைச்சு எழுதும். நல்ல தெரபிஸ்ட் தான், ஷீட்டும் சரியான ஷீட் தான், ஆனா நல்ல புள்ளையா இருந்தே களைச்சுப் போன ஆளுக்கு வீட்டுப்பாடம் மார்க் வாங்கற இன்னொரு எடமா ஆயிடுது. அடியில இருக்கற நம்பிக்கைங்க வரைக்கும் சிபிடியும் போகும், ஆனா அங்க போறதுக்கும் எனக்கு இன்னொரு ஷீட் தான் வந்துச்சு.

ரோஜர்ஸ் வழியில பாத்த கவுன்சலர் அக்காகிட்ட முதல் சில தடவ எரிச்சலா தான் இருந்துச்சு, என்ன பண்ணணும்னு சொல்லவே மாட்டேங்கறாங்க. ஒரு நாள் "ஒண்ணுமில்லக்கா, டயர்டா இருக்கு"ன்னு சொல்லிட்டு சும்மா இருந்தேன். அவங்களும் அவசரப்படல. கொஞ்ச நேரம் கழிச்சு, "சொல்லும்போது கை தொண்டைக்குப் போச்சும்மா, அங்க எப்படி இருக்கு?"ன்னாங்க. பாரமா இருக்குன்னேன், இல்ல, அடைப்பு, அதுவும் இல்ல, யாரோ வாயப் பொத்தற மாதிரின்னு சொன்னதும் தோள் எறங்குச்சு, அப்பா மேல எனக்கு அவ்வளவு கோவம் இருக்கறது அப்ப தான் வெளிய வந்துச்சு. செத்தவங்க மேல கோவப்படலாமான்னு அவங்க மொகம் சுளிக்கல, அப்பா பாவம்னு சமாதானமும் சொல்லல. "உன்ன விட்டுட்டுப் போயிட்டாரு"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்தக் கோவத்துக்கு எந்தக் கட்டத்துலயும் ஆதாரம் கேட்டிருக்க முடியாது.

எதிர்ப் பக்கத்தையும் சொல்லணும். இங்கிலாந்துல ஷெபீல்டுல மனச்சோர்வு உள்ள 510 பேர வச்சு இந்த ரெண்டையும் நேரடியா ஒப்பிட்ட ஆய்வு 2021ல லான்செட் சைக்கியாட்ரிங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஆறு மாசத்துல ரோஜர்ஸ் வழி சிபிடிக்கு கொறையல, ஒரு வருஷத்துல சிபிடி கொஞ்சம் மேல நின்னுச்சு. என் அனுபவம் அதுக்கு நேர் எதிரா இருக்கு, ஆனா நான் ஒரு ஆளு, அங்க 510 பேரு. அப்புறம் ரோஜர்ஸ் வழிங்கறது, கேக்கற ஆள நம்பி நிக்கறது, நீங்க சொல்றதையே கிளிப்பிள்ளையா திருப்பிச் சொல்ற ஆள்கிட்ட மாட்டுனா காசு தான் போகும். சிபிடியில ஆளு சுமாரா இருந்தாலும் ஷீட்டாவது கையில மிஞ்சும். பெரிய வன்முறைய அனுபவிச்சவங்களுக்கு எது நல்லதுன்னு என் அனுபவத்த வச்சு சொல்ல மாட்டேன். சாகணும்னு நெனப்பு வந்தா எந்த வழின்னு யோசிச்சுட்டு இருக்காதீங்க, மலேசியாவுல மனநல உதவிக்கான போன் லைன் தாலியான் ஹீல் 15555க்கு அடிங்க, இல்ல நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

தேடறவங்க முதல்ல கேக்க வேண்டியது, லெம்பாகா கவுன்சலர்ல (மலேசியாவோட கவுன்சலர் வாரியம்) பதிவு பண்ண கவுன்சலரான்னு, 1998 சட்டப்படி கவுன்சலர்களுக்கு அது கட்டாயம். அடுத்து போன்லயே ஒரு கேள்வி கேளுங்க: "நான் வீட்டுப்பாடம் செய்யாம வந்தா என்ன பண்ணுவீங்க?" இந்தக் கேள்விக்கு அந்த அக்கா, "ஏன் செய்யலன்னு கேக்க மாட்டேன், வந்ததும் நீ எப்படி இருக்கன்னு கேப்பேன்"ன்னாங்க, நான் அன்னிக்கே அப்பாயிண்ட்மென்ட் போட்டேன்.