சிபில் குறைவு, பழைய கடன் பாக்கி: வீட்டுக்கடன் இப்போதா, கொஞ்சம் பொறுத்தா?

கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் 650-ஐத் தாண்டவில்லை, கார்டு பாக்கியும் பர்சனல் லோனும் ஓடுகின்றன. வீடு வாங்க இரண்டு வழி உண்டு. கூடுதல் வட்டிக்கு ஹவுசிங் ஃபைனான்ஸில், அதாவது வங்கியல்லாத வீட்டுக்கடன் நிறுவனத்தில், இப்போதே கடன் வாங்கலாம். இல்லையென்றால் பழையதை அடைத்து, மதிப்பெண்ணை 750 பக்கம் ஏற்றிவிட்டு வங்கிக்குப் போகலாம். நான் பொறுத்திருந்து வங்கியில் வாங்கினேன்; என் ஓட்டும் அதற்கே.

முதல் வழியில் வேகம் உண்டு. பார்த்து வைத்த வீடு கைநழுவாது.

ஆனால் கிடைக்கும் தொகையைப் பாருங்கள். சம்பளம் 60,000 ரூபாய் என்று வைப்போம். அதில் பாதிவரை தவணைக்குப் போகலாம் என்று கணக்கிட்டால் 30,000. பழைய கடனுக்கு 12,000 போனால் மிச்சம் 18,000. 12 சதவீத வட்டியில், 20 ஆண்டுக்கு, அதற்குச் சுமார் 16 லட்சம்தான் கிடைக்கும். பழைய கடன் முடிந்து, வங்கியில் 8.5 சதவீதம் கிடைத்தால் அதே சம்பளத்துக்கு 34 லட்சம் வரை வரும். எனக்கு முடிவைத் தந்தது இந்தக் கணக்குதான்.

“அப்புறம் பேங்குக்கு மாத்திக்கலாம் சார்” என்பார்கள் ஹவுசிங் ஃபைனான்ஸ்காரர்கள். மாற்றலாம், தனிநபரின் ஃப்ளோட்டிங் (அவ்வப்போது மாறும்) வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிக்க அபராதமும் கிடையாது. ஆனால் புது வங்கியும் இதே சிபிலைத்தான் பார்க்கும். பெரிய தவணை கட்டிக்கொண்டே கார்டு பாக்கியைக் குறைப்பது கஷ்டம். பிராசசிங் கட்டணம், வக்கீல் கருத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்ததற்கான பதிவு) எல்லாம் இன்னொரு முறை வேறு. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இணைந்தவை; அது குறைந்தால் கடன் வட்டியும் குறையும். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பொறுப்பதென்றால் முதலில் கார்டைத்தான் அடைக்க வேண்டும். அதன் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டியும் போகும். பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடிக்கும் ‘செட்டில்மென்ட்’ தள்ளுபடிக்கு மயங்காதீர்கள். சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழுந்தால் பல வங்கிகள் தயங்கும். முழுதாகக் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, ‘குளோஸ்டு’ என்று மாறியதா என்று பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

நான் சம்பளக்காரன், வருமானச் சான்று குறைவாக உள்ள வியாபாரிகளுக்கு ஹவுசிங் ஃபைனான்ஸே நடைமுறை வழியாக இருக்கலாம். அட்வான்ஸ் கொடுத்து, ஒப்பந்தக் கெடுவும் நெருங்கிவிட்டவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் ஃப்ளோட்டிங் வட்டியிலேயே வாங்கட்டும்.