நியூட்ரல் மில்க் ஹோட்டல்: இரண்டு ஆல்பம், எதை முதலில் கேட்பது?

ஜெஃப் மாங்கம் தொடங்கிய இந்த அமெரிக்க இண்டி ராக் இசைக்குழு வெளியிட்ட முழு ஆல்பங்கள் இரண்டே: 1996-ல் ‘ஆன் ஏவரி ஐலண்ட்’, 1998-ல் ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ’. இரண்டும் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் வெளியீடு, இரண்டையும் டென்வரில் பதிவு செய்தவர் ராபர்ட் ஷ்னைடர். குரலும் கரகரப்பும் அதேதான். ஆனாலும் ஊர் கொண்டாடுவது இரண்டாவதை.

காரணம் ஆட்கள். ஏவரி ஐலண்டை மாங்கமும் ஷ்னைடரும்தான் பெரும்பாலும் நான்கு டிராக் டேப்பில் அடுக்கடுக்காகச் சேர்த்தார்கள். மெட்டுகள் அருமை, ஆனால் இரைச்சல் திரைபோல முன்னால் தொங்குகிறது. ஏரோப்ளேனுக்குள் ஜெரமி பார்ன்ஸின் டிரம்ஸ், ஸ்காட் ஸ்பிலேனின் பித்தளை ஊதுகருவிகள், ஜூலியன் காஸ்டரின் ரம்பம் எல்லாம் வந்துவிட்டன. ரம்பம் என்றால் மரம் அறுக்கும் ரம்பமேதான். வளைத்துப் பிடித்து வில்லால் இழுக்க வேண்டும். வளைவு மாற மாற சுருதி ஏறி இறங்கும். தலைப்புப் பாடலில் பின்னால் அழுவதுபோலக் கேட்பது அதுதான்.

கிட்டாரில் வாசிக்க ஏரோப்ளேனே சுலபம். தலைப்புப் பாடலுக்கு ஜி, இ மைனர், சி, டி போதும். பலர் சறுக்குவது தாளத்தில்: அது 6/8, அதாவது ஆறாக எண்ணும் தாளம், நான்காக எண்ணி அடித்தால் பாட்டு செத்துவிடும். கரகரப்பு வேண்டுமென்று பிக்கப் (கிட்டாரின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவி) வைத்த அக்கூஸ்டிக் கிட்டாரை ஃபஸ் பெடலில் செருகினால், சத்தம் கூட்டியதும் கிட்டாரின் உடலே ஊளையிடும். மைக்கை அருகில் வைத்து, மைக் ஒலியைப் பெருக்கும் ட்யூப் பிரீஆம்பில் கெய்னை (பெருக்கும் அளவை) ஏற்றி, அவுட்புட்டை இறக்கி, ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் இன்டர்ஃபேஸுக்கு அனுப்புங்கள். இன்டர்ஃபேஸின் அளவுகாட்டியையே சிவப்புக்குத் தள்ளினால் வருவது கரகரப்பு அல்ல, வெறும் சடசடப்பு.

ஆக, முதலில் ஏரோப்ளேன். ஷஃபிள் வேண்டாம், கிராஸ்ஃபேடும் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) வேண்டாம்: ‘டூ ஹெடட் பாய்’ குரலும் கிட்டாரும் மட்டுமாக முடிந்த கையோடு ஸ்பிலேனின் பித்தளை ஊர்வலம் தொடங்குகிறது, அந்த இணைப்பு அறுந்தால் பாதி சுவை போச்சு. வால்யூமை முதல் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டாவது பாட்டு பாதி வழியில் காதைக் கிழிக்கும்.

ஏவரி ஐலண்ட் அதற்கப்புறம். அதன் கடைசி டிராக் ஏறத்தாழ 14 நிமிட ரீங்காரம், தாண்டிவிட்டாலும் குற்றமில்லை.