விறகு வாயு வண்டியில் கட்டை இறங்காமல் நின்றால் எதை முதலில் மாற்றுவது?

இடியாப்ப மாவுக்கு ஊறவைத்த அரிசியை மில்லுக்குக் கொண்டுபோனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். காய்ந்த அரிசி என்றால் மேல்தொட்டியில் கொட்டியதும் தானாக இறங்கிப் போகும். ஈர அரிசி ஒட்டிக்கொண்டு நிற்கும். மில்காரர் தொட்டியை ஒரு தட்டு தட்டுவார், அப்புறம் குச்சியால் குத்துவார். விறகை எரித்து உண்டாக்கும் வாயுவில் ஓடும் வண்டிக்கும் இதே தொல்லைதான். அங்கே கட்டை விழ வேண்டிய இடத்தில் ஆயிரம் டிகிரியைத் தாண்டிய நெருப்பு இருக்கிறது என்பது மட்டும்தான் வேறுபாடு.

1920களில் ஜார்ஜ் இம்பேர் என்ற பொறியாளர் உருவாக்கிய கேசிஃபையர், அதாவது விறகை வாயுவாக்கும் உலை அமைப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் விறகு, கரி போன்றவற்றின் வாயுவில் ஓடின. அவற்றில் இம்பேர் வகைக்குப் பெரிய பங்கு உண்டு. மேலே மூடிய ஹாப்பர் என்ற தொட்டியில் கட்டைகள். அதன் அடியில் சுற்றிலும் காற்று நுழையும் குழாய்முனைகள். அதற்கும் கீழே குறுகிய தொண்டை, கரிப்படுகை, அதைத் தாங்கும் கிரேட் என்ற கம்பித் தட்டு. இன்ஜினின் உறிஞ்சலே காற்றை இழுக்கிறது. கட்டை எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சூடான கரி வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. விறகுப் புகையிலுள்ள பிசுபிசுப்பான தாரும் அங்கேதான் உடைகிறது. கட்டையைக் கீழே இறக்க இங்கே எந்த இயந்திரமும் இல்லை, அதன் எடை மட்டும்தான். துண்டுகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றுவிட்டால், கீழே இருக்கும் கரி தீர்ந்துகொண்டே போகும். நடுவில் ஒரு குகை விழும். உருவான நல்ல வாயு அந்த வெற்றிடத்திலேயே எரிந்துபோகும், தார் உடையாமல் இன்ஜினுக்குள் போகும். ஓட்டுநருக்குத் தெரிவதெல்லாம் மேட்டில் இழுக்காமல் திணறும் வண்டிதான்.

இதைத் தீர்க்க நான்கு வழிகள் பேசப்படுகின்றன: விறகை மாற்றுவது, ஹாப்பரை மாற்றுவது, குலுக்குவது, கரிக்கே மாறிவிடுவது. பலர் குலுக்கியில்தான் தொடங்குகிறார்கள், கைக்கு எளிதில் கிடைப்பது அதுதான் என்பதால். என் கருத்தில் அதுதான் கடைசியாக வர வேண்டும்.

விறகிலிருந்து தொடங்கலாம். இதற்குப் பணம் அதிகம் ஆகாது, வேலைதான் அதிகம். பச்சை மரத்தின் எடையில் பாதி வரைக்கும்கூட தண்ணீர் இருக்கும். அந்த ஈரம் ஆவியாகி மேலேறி ஹாப்பர் சுவரில் பட்டுக் குளிர்கிறது. கூடவே வரும் தாரும் அமிலமும் சேர்ந்து பசையாகிக் கட்டைகளைச் சுவரோடு ஒட்டிவிடுகின்றன. அதே ஈரம் நெருப்பின் சூட்டையும் குறைப்பதால் தார் இன்னும் கூடுகிறது. அதாவது ஒட்டும் பசையை வண்டியே தயாரித்துக்கொள்கிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சுழல் பெரும்பாலும் அறுந்துவிடும், 15க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. அளந்து பார்க்க மீட்டர்கூட வேண்டாம். 500 கிராம் துண்டுகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, நூறு டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் ஓவனில் எடை குறைவது நிற்கும் வரை வையுங்கள். 400 கிராமில் நின்றால் ஈரம் 20 சதவீதம். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: காய்ந்தது ‘டக்’கென்று பேசும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும்.

அடுத்தது வடிவம். நீளச் சிம்புகள் குறுக்கே விழுந்து சாரம் கட்டிவிடும். தட்டையான சீவல்கள் அடுக்கிக்கொள்ளும். ஏறக்குறைய கனசதுரமான துண்டுதான் உருண்டு இறங்கும். ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பான எஃப்ஏஓ 1986ல் வெளியிட்ட விறகு வாயு அறிக்கை 8×4×4 செ.மீ. முதல் 1×0.5×0.5 செ.மீ. வரை அளவு சொல்கிறது. அந்த வரம்புக்குள் உங்கள் தொண்டைக்கு ஏற்ற ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு, மரத்தூளையும் உதிர்ந்த பட்டையையும் சலித்துத் தள்ளுங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து விவசாயி வெய்ன் கீத், மர அறுவை மில் கழிவைத் துண்டாக்கிக் காயவைத்தே தன் டாட்ஜ் டக்கோட்டா பிக்கப் வண்டியை ஓட்டிக் காட்டியவர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ காய்ந்த விறகு வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் அவ்வளவு விறகைத் தயார் செய்ய முடியாதவர்களுக்கு இந்த வழி தோற்கும். அதன் ஒரே பலவீனம் அதுதான்.

ஹாப்பரை மாற்றும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, போர்க்காலத்து ஐரோப்பாவில் பயன்பட்ட மோனோரேட்டர் முறை. ஹாப்பரின் மேல்பகுதிச் சுவரை வெளிக்காற்று குளிர்விக்கும். உள்ளே ஏறும் ஆவி அந்தச் சுவரில் நீராகி வழிந்து அடியிலுள்ள ஓடைக்குள் இறங்கி, தனியாக ஒரு தொட்டிக்குப் போய்விடும். அந்தத் தொட்டியைத் திறந்தால் பழுப்பு நிறத்தில், வினிகரும் புகையும் கலந்த நெடியோடு நீர் கொட்டும். அதில் ஒவ்வொரு லிட்டரும் நெருப்பு வழியே போகாமல் தப்பிய தண்ணீர். சற்று ஈரமான விறகையும் இதனால் சமாளிக்கலாம். ஆனால் அந்த நீரில் அசிட்டிக் அமிலம் இருப்பதால் சாதா இரும்புத் தகடு அரித்துப்போகும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தாங்கும். அதற்கான செலவும் வெல்டிங் வேலையும் சின்னதல்ல. வெளிக்காற்று எவ்வளவு சூடோ, அவ்வளவு குறைவாகத்தான் ஆவி நீராகும். புதிதாக ஒன்றைச் செய்பவர் முதலிலேயே இதைச் சேர்த்துவிடுவது நல்லது. பழைய ஹாப்பரை வைத்திருப்பவர் சுவரின் சரிவைச் செங்குத்தாக்கி உள்ளே மேடுபள்ளம் இல்லாமல் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

தொண்டையையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் டிராக்டரை ஓட்டுவதற்காக அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா 1989ல் வெளியிட்ட கையேடு அப்படித்தான் செய்கிறது. நேரான உருளை, திறந்த மேல்வாய், சங்கிலியில் தொங்கும் கிரேட். சிக்குவதற்கு இடம் குறைவுதான். ஆனால் வாயுவைக் குவித்துச் சூடாக்கும் தொண்டை இல்லாததால் தார் கூடுகிறது. நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு இது சரிவராது.

குலுக்குவதில் இரண்டு வகை. ஹாப்பரில் அதிர்வு கொடுப்பது ஒன்று, அடியில் கிரேட்டை ஆட்டுவது மற்றொன்று. பழைய வைப்பர் மோட்டாரைக் கிரேட்டில் பொருத்துவது இப்படி வண்டி செய்பவர்களிடையே சாதாரணம். குண்டும் குழியுமான சாலை இந்த வேலையை இலவசமாகச் செய்துவிடும். கட்டை நிற்பது வழுவழுப்பான நெடுஞ்சாலையில்தான். அதிகமாகக் குலுக்கினால் கரி நொறுங்கித் தூளாகும், தூள் படுகையை அடைக்கும், மீதி கிரேட் வழியாகச் சாம்பலோடு வீணாக விழும். ஒரு சிக்கலை எடுத்து இன்னொன்றை வாங்கியதுபோல் ஆகிவிடும்.

மிஞ்சியிருப்பது கரிக்கு மாறும் வழி. கரி ஒட்டாது, தார் ஏறக்குறைய இல்லை, நன்றாக இறங்கும். போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் ஓடிய பஸ்களுக்குக் கரி பஸ் என்று பெயர் வந்ததும் இந்த எரிபொருளால்தான். ஆனால் பழைய மூட்ட முறையில் விறகைக் கரியாக்கும்போதே அதன் ஆற்றலில் பாதிக்கு மேல் போய்விடும். வண்டியின் ஆட்டத்தில் கரி உரசித் தூளாகி ஃபில்டரை நிரப்பும். குறைந்த தூரமும் சின்ன இன்ஜினும் என்றால் தாராளமாகக் கரியைத் தேர்ந்தெடுங்கள்.

எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கண்ணாடிக் குழாயை ‘யு’ வடிவில் வளைத்து நிறமிட்ட தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கிரேட்டுக்குக் கீழே வாயு வெளியேறும் இடத்தில் இணையுங்கள். வேகத்தை மாற்றாமல் ஓட்டும்போது இரு பக்க நீர்மட்டத்தின் வித்தியாசம் மெல்லக் குறைந்தால், கட்டை மேலே நின்று அடியில் படுகை காலியாகிறது என்று பொருள். திடீரென்று எகிறினால் முட்டு சரிந்து விழுந்திருக்கிறது. ஏறிக்கொண்டே போனால் ஹாப்பரில் குற்றமில்லை, அடியில் தூள் அடைத்திருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் குலுக்கி வாங்கியவர்கள் நிறைய.

கட்டை நின்றுவிட்டது என்று உறுதியானாலும் உடனே மூடியைத் திறந்து கம்பியால் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் வாயுவோடு காற்று கலந்தால் மூடி வழியே குப்பென்று தீ சீறும். முதலில் ரப்பர் சுத்தியலால் வெளியே தட்டிப் பாருங்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் வெட்டவெளியில் நிறுத்தி, உறிஞ்சும் ஊதுவிசிறியை ஓடவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு திறங்கள். வண்டியைக் கூரைக்கு அடியிலோ ஷெட்டுக்குள்ளோ வைத்து இதைச் செய்யவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் நச்சு, அதற்கு மணமில்லை.