விலாங்கா, விராலா, ஆராலா?

ஆரால் மீனைப் பார்த்து 'குட்டி விலாங்கு' என்கிறவர்கள் காவிரி டெல்டாவுக்குப் புதுசு. மூக்கு கூராக நீண்டு, முதுகை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் சுருக்கென்று குத்தினால் அது ஆரால். விலாங்குக்கு முதுகில் முள்ளே கிடையாது. உருவம்தான் ஒன்று, இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை.

பிறப்பிலேயே விலாங்கு தனி ஜாதி. விரால் நம் குளத்திலேயே குஞ்சு பொரிக்கும். செக்கச்செவேலென்று கூட்டமாகத் திரியும் குஞ்சுகளுக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். விலாங்கு கடலில் பிறந்து, கண்ணாடி மாதிரி குஞ்சாக முகத்துவாரம் வழியே ஆறேறி, வருஷக்கணக்கில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போய்ச் சாகிறது. கொள்ளிடத்தில் அணைக்கரைக் கீழணைக்கு மேலே கிடைக்கும் விலாங்கு, ஆறு கடலில் சேரும் பழையாறு பக்கமிருந்து ஏறி, அந்த அணையைத் தாண்டி வந்திருக்க வேண்டும். ஈரச் சுவரில் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டே ஏறிவிடும். ஆனால் 1934-இல் எழுந்த மேட்டூர் அணையின் உயரம் வேறு கணக்கு. பண்ணைக்காரர்களுக்கும் விரால்தான் கைகொடுக்கும். விலாங்குப் பண்ணை வைத்திருக்கும் நாடுகளிலும் குஞ்சைக் காட்டு நீரில்தான் பிடித்து வருகிறார்கள்.

மீனை ஆய்ந்து சுத்தம் செய்வதில்தான் உண்மையான சோதனை. எங்கள் அத்தை விலாங்கைத் தொடுவதற்கு முன்பே அடுப்புச் சாம்பலை இரண்டு கையிலும் அப்பிக்கொள்வார். அப்படியும் ஒரு தடவை அருவாமனையிலிருந்து நழுவி, வாசப்படி தாண்டி, கொல்லையில் வாழைக்கு விட்டிருந்த தண்ணீர் வரை போய்விட்டது. தோல் ஈரமாக இருக்கும்வரை அதற்கு மூச்சு முட்டாது. அதன் வேகாத ரத்தத்தில் நஞ்சும் உண்டு. வெந்தால் போய்விடும், ஆனால் கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆயாதீர்கள், கண்ணிலும் படக்கூடாது. விராலுக்கு இந்தப் பயமெல்லாம் இல்லை, கல் உப்பு போட்டு உரசினால் போதும். ஆராலைச் சட்டியில் சாம்பலோடு போட்டுத் தேய்க்க வேண்டும், முதுகு முள்ளில் மட்டும் கவனம்.

சட்டிக்குள் போனபின் கதை மாறுகிறது. விலாங்கு கொழுப்பு மீன். அமெரிக்க வேளாண் துறைப் பட்டியல்படி 100 கிராம் பச்சைக் கறியில் 11 கிராமுக்கு மேல் கொழுப்பு. அதைப் புளிக்குழம்பில் போட்டால் எண்ணெய் மிதந்து புளியை அமுக்கிவிடும். மிளகு தூக்கலாக அரைத்துத் தடவி, கல்லில் எண்ணெய் அதிகம் விடாமல் வறுங்கள், அதற்கு ஈடு இல்லை. விராலில் கொழுப்பு குறைவு, சதை கெட்டி, நடுமுள்ளை எடுத்துவிட்டால் குழந்தைக்குக்கூடப் பயமில்லாமல் ஊட்டலாம். விருந்தாளி வந்தால் அதைத்தான் வாங்குவேன். ஆனால் வறுவலில் கொஞ்சம் சக்கை தட்டும் என்பது என் குறை.

எனக்கு மட்டும் சமைத்துக்கொள்வதென்றால் ஆரால். வாய்க்காலில் தண்ணீர் வடியும் நேரத்தில், சேற்றிலிருந்து எடுத்த சுண்டுவிரல் தடிமன் ஆராலும், கூட இரண்டு மாங்காய்த் துண்டும். விலாங்கோடு உருவத்தில் போட்டி போடும் இது, குழம்பில் விராலோடுதான் போட்டி போடுகிறது. ராத்திரி வைத்த குழம்பை மறுநாள் காலை பழைய சோற்றோடு சாப்பிடும்போது விரால் தோற்கிறது.